ஸ்ட்ரெச்சரின் மறுமுனை

ஹரியின் இணைப்பு அறுந்துவிட்டது என்று திரையின் மூலையில் எழுத்து வந்து மறைந்த பிறகும், ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஸ்ட்ரெச்சரை விடவில்லை.

விட்டிருக்க வேண்டும். 'ஹலோ ஆம்புலன்ஸ்' விளையாட்டில் ஒருவருக்கு லைன் போனால் அவருடைய ஆள் கையை உதறுவான், பெரிதாகக் கொட்டாவி விடுவான், சோப்புக் குமிழி மாதிரி வெடித்துக் காணாமல் போவான். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்து நோயாளி தொப்பென்று விழுவான். தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் ஓட, காலை உதைத்துக்கொண்டு அழுவான். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே சிலர் வேண்டுமென்று லைனை அறுப்பார்கள்.

இப்போது யாரும் விழவில்லை. பச்சைச் சட்டைக்காரன் முன்முனையில் நின்றான். அவன் கோவர்த்தனனின் ஆள். பின்முனையில் ஆரஞ்சுச் சட்டைக்காரன். தொப்பை, முறுக்கு மீசை, குட்டைக் கால்கள். நடுவில் பீரங்கியிலிருந்து பறந்துபோய் மரத்தில் மாட்டிக்கொண்ட சர்க்கஸ் கோமாளி, வாயைத் திறந்தபடி மயங்கிக் கிடந்தான். ஸ்ட்ரெச்சர் மட்டமாக இருந்தது.

வெளியே வெள்ளிக்கிழமைப் பகல் இருண்டு கிடந்தது. வங்கக் கடலில் புயல் நின்றுகொண்டிருந்தது. சந்திரகிரிக் கோட்டை மலை காலையிலேயே மழைக்குள் போய்விட்டது. மாடி வீட்டின் ஜன்னல் விளிம்பில் தண்ணீர் தேங்கி, சொட்டி, சுவரில் இறங்கி, சுண்ணாம்பு ஊறிய ஒரு பழைய வாடையை அறை முழுக்கப் பரப்பியிருந்தது. கரண்ட் இல்லை. சமையலறைச் சுவருக்குப் பின்னால் இன்வெர்ட்டர் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது, அந்த முனகலுக்கு அடியில் மழை, மழைக்கு அடியில் எங்கோ தகரத்தில் விழும் ஒரு தனிச் சொட்டு. கீழ்வீட்டு வெங்கடலட்சுமி அம்மா மகளைப் பார்க்கச் சித்தூர் போயிருந்தாள். வீட்டில் வேறு சத்தமே இல்லை.

போன் அடித்தது. ஹரி.

"மாமா, நெட்டு புட்டுக்கிச்சு. ரூம்ல எவனோ படம் எறக்கினு கீறான். ஆறு பேருக்கு ஒரு ரவுட்டரு, இன்னா பண்றது சொல்லு. கேம் என்ன வெளிய தள்ளிடிச்சு."

"தள்ளிடிச்சா?"

"ஆமா. கோமாளிய கீழ போட்டிருப்பியே. உனக்குத் தூக்கத் தெரியாது மாமா. இஞ்சினீரிங் படிச்சா மட்டும் போதுமா, மூட்ட தூக்கிப் பழகியிருக்கணும்."

"கீழ போடல."

"பின்ன அந்தப் பக்கம் யாரு புடிச்சிக்கினு கீறாங்க, உங்க கம்பெனி மேனேஜரா?"

கோவர்த்தனன் திரையைப் பார்த்தான். "உன் ஆளு அப்டியே நிக்கிறான்."

"சிக்கிக்கிச்சு மாமா. பழைய கேம். இரு, இவன ரெண்டு ஒத குடுத்துட்டு வரேன். நீ துன்னியா?"

"துன்னேன்."

தின்னவில்லை. ஹரிக்கும் அது தெரியும். போனை வைத்தான்.

ஹரிபிரசாத், கோவர்த்தனனின் மனைவி தேவயானியின் தம்பி. குவைத்தில் ஏசி மெக்கானிக். இந்த விளையாட்டுப் பெட்டியை அவன்தான் அங்கிருந்து அனுப்பினான். அக்காவுக்குக் கல்யாணம் ஆன புதிதில் வந்த கார்கோ அட்டைப்பெட்டியில், இரண்டு கம்பளிகளுக்கும் வாசனை சோப்புகளுக்கும் நடுவே சுற்றி வைத்திருந்தது. தேவயானி போன பிறகு வெள்ளிக்கிழமைதோறும், அங்கே விடுமுறை நாளில், மாமனைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவான். இருவருக்கும் பேச வேறு எதுவும் இருக்கவில்லை. பேசாமல் ஆள்களைத் தூக்கினார்கள். கோமாளிகள், சமையல்காரர்கள், யானை உட்கார்ந்து நசுங்கிய பாகன்கள். ஹரி வழியெல்லாம் ஓடுவான், சுவரில் இடிப்பான், சிரிப்பான். கோவர்த்தனன் சிரிக்கமாட்டான். ஆனால் கூப்பிட்டால் வந்துவிடுவான்.

கன்ட்ரோலரின் குச்சியை முன்னால் தள்ளினான்.

பச்சைச் சட்டை ஓர் அடி வைத்தது. ஆரஞ்சுச் சட்டையும் ஓர் அடி வைத்தது. ஸ்ட்ரெச்சரைச் சுமக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் கன்ட்ரோலர் உள்ளங்கையில் லேசாக அதிரும். இரண்டு அதிர்வு வந்தது. ஒன்று அவனுடையது. இன்னொன்று சற்றுத் தள்ளி, சற்றுத் தாமதமாக.

சிக்கிக்கொண்ட ஆள் நடக்கமாட்டான்.

கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் வழியில் மரவேலி ஒன்று வளைகிறது. அங்கேதான் ஹரி எப்போதும் நோயாளியின் தலையை வேலியில் இடித்து உடைப்பான். கோவர்த்தனன் வளைவுக்கு வந்தான். ஆரஞ்சுச் சட்டை நின்றது. தன் முனையைக் கொஞ்சம் தாழ்த்தியது. பச்சைச் சட்டை முழுதாகத் திரும்பும்வரை காத்திருந்தது. பிறகு, அளந்து வைப்பதுபோல, சின்னச் சின்ன அடியாக, வேலியில் துணி நுனிகூடப் படாமல் திரும்பி வந்தது.

அவன் திரைப் பக்கமாகக் குனிந்தான்.

அப்படித் திரும்புகிற ஒரே ஒருத்தியை அவனுக்குத் தெரியும்.

தேவயானி ஸ்ரீசிட்டியில் செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தவள். நாளெல்லாம் கண்ணாடித் தகடுகளைக் கீறாமல் தூக்கி வைப்பது அவள் வேலை. அந்தக் கை விளையாட்டிலும் அப்படியேதான் இருந்தது. இதே ஹாலில், இதே இரும்புக் கட்டிலில், இருவரும் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து விளையாடுவார்கள். அவன் அவசரப்பட்டால் முழங்கையால் இடிப்பாள். "நோயாளிய தூக்குறமா, நெல்லு மூட்டய தூக்குறமா?" என்பாள்.

மூளைக் காய்ச்சல் வந்து அவள் கிடந்த காலையில் ஆம்புலன்சில் டிரைவரும் ஒரு பையனும்தான் வந்தார்கள். இந்த வீட்டு மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. கோவர்த்தனன் ஒரு முனையைப் பிடித்தான். கைப்பிடிச் சுவரில் இடித்தது. கண்ணைத் திறக்காமலே அவள் லேசாகச் சிரித்தாள். "நம்ம கேம்ல கூட இப்டி இடிக்கல" என்றாள். வண்டி தொண்டவாடா தாண்டும்போது அவள் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்த பையன், டிரைவரிடம் சைரனை நிறுத்தச் சொன்னான்.

அதற்குப் பிறகு கோவர்த்தனனுக்கு அழுகை வரவில்லை. பசி வரவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு ஹால் கட்டிலிலேயே படுத்துக்கொண்டான். பெங்களூர் கம்பெனி கொடுத்த வேலையை வீட்டிலிருந்தே செய்தான். பயம்கூட வந்ததில்லை. இன்றுதான்.

குச்சியிலிருந்து விரலை எடுத்தான். பச்சைச் சட்டை நின்றது.

ஆரஞ்சுச் சட்டை நின்றது. காத்திருந்தது.

காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டில் காற்று மாதிரி ஒரு இரைச்சல் வந்தது. எங்கோ ரொம்பத் தொலைவில் திறந்திருக்கிற லைன் எழுப்பும் இரைச்சல். அதற்குள் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு குரல்.

"அக்கா."

ஹரியின் குரல்தான். ஆனால் சற்றுமுன் போனில் கேலி பேசிய ஹரி இல்லை. அழுது அழுது தொண்டை கட்டிப்போன ஹரி.

கோவர்த்தனன் ஹெட்செட்டைக் காதிலிருந்து பிடுங்கினான். மழை. இன்வெர்ட்டர். போனை எடுத்து ஹரிக்கு அடித்தான்.

"இன்னா மாமா, இன்னும் வரல. ரவுட்டர அணச்சிப் போட்டுக்கினு கீறேன்."

"இப்ப நீ கூப்ட்டியா?"

"உன்னயா?"

"அக்கான்னு."

"எதுக்கு மாமா அப்டிக் கேக்குற?"

"கேட்டிச்சு."

"நெட்டே இல்ல. எப்டிக் கேக்கும்?" ஹரியின் குரல் தணிந்தது. "மாமா. நீ ஒண்ணும் துன்னல. எழுந்து போயி எதாவது துன்னு. நா வரேன்."

வைத்துவிட்டான். கோவர்த்தனன் போனைக் கையிலேயே பிடித்திருந்தான். அந்த அழுத குரலை அவன் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறான். எங்கே என்று தெரியும்.

அவர்கள் பக்கத்தில் பாடையை நேராக இடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. பாதி வழியில் ஓரிடத்தில் இறக்குவார்கள். தெலுங்கில் அதற்குத் திம்புடு கள்ளம் என்று பெயர். அவன் ஊரான நாகலாபுரத்துத் தமிழ் வீடுகளிலும் அதே பெயர்தான். ரத்த உறவு ஒருவர் குனிந்து, செத்தவர் காதில் மூன்று தரம் கூப்பிட வேண்டும். உயிர் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் எழுந்து வரட்டும் என்பதற்காக. மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் போய்விட்டார் என்று பொருள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடக் கூடாது.

தேவயானிக்கு ரத்த உறவு ஹரி ஒருவன்தான். குவைத்தில் அவன் முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அதனால் கோவர்த்தனனின் சித்தப்பா மகன் சம்பத் ஒரு யோசனை சொன்னான். ஏரிக்கரை திரும்பும் இடத்தில் பாடையை இறக்கியதும் போனில் ஹரியைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு, அவள் காதோடு வைத்தான். பஞ்சு வைத்த காது. தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா" என்று ஒரு தரம் வந்தது. "அக்கா" என்று இன்னொரு தரம். பிறகு கரகரவென்று இழுத்து லைன் நின்றது.

ஏரியோர இடுகாட்டில் குழி வெட்டிவிட்டு வந்து நின்ற நாகையா, "இன்னும் ஒண்ணு கீதே" என்றார்.

"அவன் அங்க கூப்ட்டுக்கினுதான் இருப்பான். இங்க வரல, அவ்ளோதான்" என்றான் சம்பத். "மழ பெருசாவுது. தூக்குங்க."

தூக்கினார்கள்.

ஹரி மூன்று தரமும் கூப்பிட்டான். குவைத்தில், தன் கட்டிலில் உட்கார்ந்து. மூன்றாவது போய்ச் சேரவில்லை என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அது எங்கே போயிருக்கும் என்று கோவர்த்தனனும் இதுவரை யோசித்ததில்லை.

இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

மடியில் கிடந்த ஹெட்செட்டைப் பார்த்தான். கறுப்பு ரப்பர் வளையங்கள் இரண்டும் அவனைப் பார்த்துத் திறந்திருந்தன. போடக் கூடாது என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே எடுத்து ஒரு காதில் மட்டும் ஒற்றினான்.

இரைச்சல். நீண்ட இரைச்சல். அதன் அடியில் மண் சரிகிற மாதிரி மெல்லிய சத்தம்.

பிறகு, பக்கத்தில், "ம்."

சமையலறையில் வேலையாக இருக்கும்போது யாராவது கூப்பிட்டால் அவள் கொடுக்கும் பதில். வாயைத் திறக்காமல். இதோ வருகிறேன் என்பதுபோல.

திரையில் ஆரஞ்சுச் சட்டை ஸ்ட்ரெச்சரை மெதுவாகக் கீழே வைத்தது. கோமாளி கண்ணைத் திறந்தான். எழுந்தான். நட்சத்திரங்கள் இல்லை, அழுகை இல்லை. வேலியோரமாக நடந்து, திரையின் விளிம்பைத் தாண்டிப் போனான். ஸ்ட்ரெச்சர் காலியாகக் கிடந்தது. ஆரஞ்சுச் சட்டை குனிந்து மறுபடி தன் முனையைப் பிடித்தது. நிமிர்ந்தது. இந்த விளையாட்டில் எந்த ஆளும் விளையாடுகிறவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. முதுகு மட்டும்தான் தெரியும், இல்லாவிட்டால் பக்கவாட்டு மீசை.

அது திரும்பியது.

முகம் என்று ஒன்றும் மாறவில்லை. அதே மீசை, அதே பொத்தான் கண்கள். அந்தக் கண்கள் கட்டிலைப் பார்த்தன.

வெளியேறும் பொத்தானை அழுத்தினான். வெளியேறவா என்று கேட்டது விளையாட்டு. ஆம், இல்லை. ஆம் பக்கம் நகர்த்தினான். மஞ்சள் கட்டம் இல்லையில் நின்றது. மறுபடி நகர்த்தினான். இல்லை. கட்டை விரல் வலிக்க அழுத்தினான். மஞ்சள் கட்டம் அசையவில்லை. அவன் விரலுக்கு எதிராக வேறொரு விரல் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பதுபோல, குச்சி உள்ளங்கையில் இறுகியது.

கன்ட்ரோலரைக் கட்டிலில் வீசினான். எழுந்துபோய் டி.வி. வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினான்.

திரை இருண்டது. கறுப்புக் கண்ணாடியில் ஹால் தெரிந்தது. கட்டில், ஜன்னல், அவன். வேறு யாரும் இல்லை. விளையாட்டுப் பெட்டியின் சின்ன வெள்ளை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதன் வயர் அலமாரிக்குப் பின்னால் போயிருந்தது. அலமாரியை நகர்த்த வேண்டும். அதன் பின்னால் கையை விட வேண்டும். அந்த இருட்டுக்குள்.

கட்டிலில் கிடந்த கன்ட்ரோலர் அதிர்ந்தது.

ஓர் அடி.

நின்றது. மறுபடி அதிர்ந்தது. இன்னோர் அடி.

சுமக்கும்போதுதான் அது அதிரும்.

வெளிக்கதவுக்கு ஓடினான். தாழ்ப்பாளை நீக்கித் திறந்தான். சாரல் முகத்தில் அடித்தது. மாடிப்படி கீழே இறங்கி, திருப்பத்தில் இருட்டுக்குள் மறைந்தது. மூன்று தாவலில் தெருவுக்குப் போய்விடலாம். டீக்கடை இருக்கும். ஆள்கள் இருப்பார்கள். ஒரு காலை வெளியே வைத்தான்.

திருப்பத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத படியில், இரும்பு சுவரில் உரசியது. லேசாக. இடிக்கவில்லை. இடிக்காமல் பார்த்து, கவனமாக, திருப்புகிற உரசல்.

மழையை மீறி ஒரு வாடை ஏறி வந்தது. ஏரி வண்டலின் வாடை. அதோடு கசங்கிய சாமந்தி. பன்னீர்.

கதவைச் சாத்தினான். மேல்தாழ்ப்பாள். கீழ்த்தாழ்ப்பாள். பின்வாங்கினான். முழங்காலின் பின்பக்கம் கட்டிலில் பட்டது. குழந்தைகள் செய்வதுபோலக் கட்டிலில் ஏறி, தரையிலிருந்து காலை மேலே இழுத்துக்கொண்டான். தலைமாடு சுவரோரம். கால்மாடு கதவைப் பார்த்து.

கன்ட்ரோலர் அதிர்ந்தது. அடி. அடி. பக்கத்தில் வந்த அடி. பிறகு நின்றுவிட்டது.

கதவுக்கு வெளியே எதுவும் இல்லை. மழை மட்டும்.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். ஹரி வந்துவிட்டால் போதும். ஒரு மனிதக் குரல் போதும்.

"மாமா, வந்துட்டேன்." வந்துவிட்டான். பின்னால் யாரோ மலையாளத்தில் சண்டை போட்டார்கள், இன்னொருவன் சிரித்தான். உயிருள்ள அறை. "அவன் படத்த நிறுத்திட்டேன். எந்திரிச்சு ஒதைக்க வரான். அட, இன்னா இது, எனக்குப் பச்ச சட்ட வந்துகீது. நீ ஆரஞ்சா?"

"ஹரி. நா ஆரஞ்சு இல்ல. கேம விட்டு வெளிய போ."

"மாமா, பேசு. உன் சத்தமே வரல."

"ஹரி, வெளிய போ. அணச்சிடு."

"மைக்கு போச்சு போல. பரவால்ல, நீ நட, நா பின்னாலயே வரேன். கோமாளி எங்க? ஏத்திட்டியா? நல்லா கீற மாமா, ஒரு ஆளா ஏத்திட்டியா?"

மைக்கைத் தேய்த்தான். உதட்டோடு ஒட்டி வைத்துக் கத்தினான். அந்த அறையில் சண்டையும் சிரிப்பும் நடந்துகொண்டே இருந்தன. அவன் குரல் அங்கே போகவில்லை.

கட்டிலின் கால்மாடு உயர்ந்தது.

முதலில் அவன் நம்பவில்லை. மெத்தை அமுங்குகிறது என்று நினைத்தான். பாதம் முழங்காலைவிட உயரமாகப் போனது. உடம்பு தலைப்பக்கம் சரிந்தது. மண்டை சுவரில் தட்டியது. இரும்புக் கால்கள் இரண்டு தரையை விட்டு எழும்பி, இடுப்பளவில் நின்றன. கிரீச்சிடவில்லை. ஆடவில்லை. கண்ணாடித் தகட்டைத் தூக்குகிற மாதிரி.

அப்படியே நின்றது. காத்திருந்தது.

மறுமுனையைத் தூக்க ஆள் வேண்டும்.

"இவன் யாரு, புது நோயாளியா கீறான்?" என்றான் ஹரி. "பனியன், நீல லுங்கி. தாடி வேற. மாமா, ஒரு விசயம் சொன்னா கோச்சிக்காத, உன்ன மாதிரியே கீறான்." சிரித்தான். "கண்ண மட்டும் தெறந்துவெச்சிக்கினு கீறான் பாரு."

கோவர்த்தனன் போனை எடுத்தான். ஹரிக்கு அடித்தான். ஹெட்செட்டுக்குள், அந்தத் தொலைதூர அறையில், ஹரியின் போன் மணி அடிப்பது கேட்டது.

"எதுக்கு மாமா போன் அடிக்கிற, பக்கத்துலயே நின்னுக்கினு. இரு, மொதல்ல தூக்கிடறேன். தூக்கிட்டா அப்புறம் கையெடுக்க முடியாது."

"தூக்காத. ஹரி. தூக்காத டா."

மணி அடித்தது. அடித்தது. இறங்கிவிடலாம். இடுப்பளவு உயரம்தான். ஆனால் இறங்கினால் நிற்க வேண்டும். நின்றால் கால்மாட்டில் இருப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணைக் கூரையில் வைத்திருந்தான். கூரையில் ஈரக் கறை. அது பெரிதாகிக்கொண்டிருந்தது.

"ஆங். புடிச்சிட்டேன்" என்றான் ஹரி.

தலைமாடு உயர்ந்தது.

கட்டில் மட்டமானது. கீழே ஒன்றும் இல்லை. முதுகுக்கு அடியில் காற்று. போன் கையிலிருந்து நழுவி எங்கோ தரையில் விழுந்தது. மணி நின்றது.

விட வேண்டும். அவ்வளவுதான். ஹரி பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் போதும். தலைமாடு விழும். அடிபடும். பரவாயில்லை. ஓடலாம். எப்போதும் கீழே போடுகிறவன். வேலியில் இடிக்கிறவன். ஓடு ஹரி. இடி. சிரித்துக்கொண்டே விட்டுவிடு.

"ஹரி."

கோவர்த்தனன் கூப்பிடவில்லை.

ஹெட்செட்டில் வந்தது. மெதுவாக. வாய் நிறைய ஏதோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல. ஆனால் அவள்தான்.

அந்த அறையில் ஹரியின் சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் மலையாளக்காரன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "சும்மா இருங்கடா" என்றான் ஹரி. அவர்கள் அடங்கினார்கள்.

"யாரு?" என்றான்.

மழை.

"அக்கா?"

"விட்டுடாத" என்றாள்.

ஹரியின் மூச்சு மட்டும் வந்தது. மூச்சு உடைந்தது.

"விடமாட்டேன் க்கா." அழுதான். "அன்னிக்கி வர முடியல க்கா. ஒரு தோள் குடுக்க முடியல. இப்ப விடமாட்டேன். நீ எங்க போறியோ போ. நா புடிச்சிக்கினு கீறேன்."

கோவர்த்தனன் கட்டிலின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டான்.

கீழ்த்தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது. பிறகு மேல்தாழ்ப்பாள். கதவு உள்பக்கமாக, ஓசையில்லாமல் திறந்தது. கட்டில் நகர்ந்தது. ஓர் அடி. நின்றது. ஓர் அடி. நிலைக்கால் இடப்பக்கம் வந்தது, விரல் அகலம் விட்டு, இடிக்காமல் பின்னால் போனது. உள்ளங்காலில் சாரல் விழுந்தது. கால் முன்னால். தலை பின்னால். இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து அப்படி வெளியே எடுத்துப்போவது யாரை என்று எல்லோருக்கும் தெரியும்.

"எடம் இருக்குதா க்கா?" என்றான் ஹரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "படியில பாத்து."

கால்மாடு தாழ்ந்தது. அவன் கண்ணும் தானாகக் கீழே இறங்கியது. கூரை போனது. வாசல் நிலையின் மேற்சட்டம் போனது. மழை. தன் இரண்டு பாதங்கள். அவற்றுக்கு நடுவே, இரும்புக் குழாயின் நட்டநடுவில், இரண்டு கைகள். அகலப் பிடிக்க முடியாமல் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகக்கண்களில் வண்டல். கட்டை விரல்கள் இரண்டும் ஒரு கிழிந்த வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன.

முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. அந்தக் கைகள் குழாயை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் படியில் இறங்கின.